லேக் மார்க்கெட் மாக்ரோனி மாமா

தென் கல்கத்தாவில் ராஷ்பிஹாரி அவென்யூவிலிருந்து ஏரிக்கரை வரையில் பரவியிருக்கும் பிராந்தியத்தில், முருங்கைக்காயும் வாழையிலையும் தொடுத்த பூவும் எந்நாளும் கிடைப்பதனாலும், கோமள விலாஸின் காபி வாசனை போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி விசாரிப்பதனாலும், மயிலாப்பூரைப் பிரிந்த துக்கம் இன்னதென்றே அறியாமல் மூன்று தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நம்மவர்களிடையே, சபா காரியதரிசி, ஜாதகம் பொருத்துகிறவர், ஊருக்குப் போகிறவர்களிடமெல்லாம் அப்பளக்கட்டுக்குச் சொல்லி அனுப்புகிறவர் என்று பல வகுப்பினர் உண்டாயினும், அவர்கள் அனைவரினும் தனிக் கௌரவத்துக்கு உரியவர், ஞாயிற்றுக்கிழமைகளில் தம் வீட்டில் தம் கையாலேயே மாக்ரோனி சீஸ் தயாரிக்கும் பெரியவர் ஆவார். அவர் தனி மனிதர் அல்லர், ஒரு ஜாதி. லேக் வியூ ரோடில் ஒருவர் இருப்பார். சதர்ன் அவென்யூவில் மூன்றாவது மாடியில் ஒருவர் இருப்பார். பாலிகஞ்சுக்குக் குடிபோன பிறகும் காய்கறிக்கு லேக் மார்க்கெட்டுக்கே வருகிறவர் ஒருவர் இருப்பார். பெயரும் கோத்திரமும் வேறாயினும் லக்ஷணங்கள் ஒன்றே ஆகையால், மாக்ரோனி மாமா என்ற ஒரே திருநாமத்தில் அவர்களை அடக்கிவிடுவது நமக்கும் சௌகரியம், அவர்களுக்கும் பாதுகாப்பு.

மாமாவுக்குச் சமையல் தெரியும் என்று யாரும் தவறாக எண்ணிவிடக் கூடாது. டிகாக்ஷன் இறக்குவது, ரசம் விளாவுவது, அப்பளம் பொரிப்பது முதலிய சில்லறை விவகாரங்களில் அவர் பிரவேசிப்பதில்லை. மாமி ஊருக்குப் போகும் நாட்களில் அவர் ஹோட்டல்காரர்களின் தயவிலேயே ஜீவித்துவருவது பிரசித்தம். அவருக்குத் தெரிந்தது ஒன்றே. அதையும் 'சமைக்கிறேன்' என்று அவர் சொல்லமாட்டார். 'பேக் பண்ணுகிறேன்' என்றுதான் சொல்லுவார்.

இந்த வித்தை அவருக்கு எவ்விதம் சித்தித்தது என்று விசாரிக்கப் புகுந்தால், கல்கத்தாவின் வர்த்தக சரித்திரத்தையே கொஞ்சம் புரட்ட வேண்டியிருக்கும். 1911-ல் ராஜதானியைத் தில்லிக்கு மாற்றுவதாக அறிவித்த பிறகும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் கல்கத்தாவை விட்டு அசையவில்லை. அவற்றின் கணக்கையும் சுருக்கெழுத்தையும் கவனித்துக்கொள்ளத் தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் டிரங்குப் பெட்டியோடு வந்து ஹௌராவில் இறங்கியவர்களில் மாமாவின் தகப்பனாரும் ஒருவர். மகனும் அந்தக் கம்பெனிகள் இருந்த கிளைவ் ஸ்ட்ரீட்டில் (அது நேதாஜி சுபாஷ் ரோடு ஆகிப் பல காலம் ஆயிற்று என்பது மாமாவுக்குத் தெரியாததன்று, அவர் இன்னும் சம்மதம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்) குமாஸ்தாவாகப் புகுந்து, படிப்படியாக உயர்ந்து, ஆபீஸர் என்ற பதவியை அடைந்தார். பதவியோடு சேர்ந்து வந்தது கம்பெனி விருந்து. பார்க் ஸ்ட்ரீட்டிலோ ஏதாவதொரு கிளப்பிலோ நடக்கும் அந்த விருந்தில், நீந்துகிறவையும் பறக்கிறவையும் மேய்கிறவையும் வரிசையாக வந்து மற்றவர்கள் தட்டில் இறங்க, மாமாவின் எதிரில் மட்டும் பேரர் ஒருவர் அனுதாபம் ததும்பும் முகத்தோடு ஒரு பீங்கான் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போவார். ஐரோப்பிய பாகசாஸ்திரத்தின் அவ்வளவு விஸ்தீரணத்திலும் மாமிசம் உண்ணாதவனுக்கென்று கல்கத்தா நகரம் ஒதுக்கி வைத்திருந்த இடம் அந்தப் பீங்கான் பாத்திரம் ஒன்றே. அதற்குள் இருந்தது மாக்ரோனி சீஸ். மாதத்துக்கொரு விருந்தும் கிறிஸ்துமஸுக்கு இரண்டுமாக, உத்தியோக காலம் முழுவதும் ஒரே பதார்த்தத்தைச் சாப்பிட்ட மனிதர் அதில் பண்டிதராகாமல் வேறென்ன ஆவார்? வேறு கதியில்லாமல் வந்த ஒன்றைத் தமது ருசிபேதத்தின் சிறப்பினால் வந்ததாக மாற்றிக்கொண்டதில்தான் மாமாவின் மேதை விளங்குகிறது.

மாக்ரோனியைப் பிடித்துக்கொண்டு அந்தஸ்தில் ஏறுவது நம்மவர் கண்டுபிடித்த மார்க்கமும் அன்று. 1760-களிலும் 1770-களிலும் இத்தாலி தேசத்தைச் சுற்றிவிட்டு லண்டனுக்குத் திரும்பிய சீமான் வீட்டுப் பிள்ளைகள், அங்கே ருசித்த மாக்ரோனியின் பெருமையையே ஓயாமல் பேசிக்கொண்டு, முழ உயரத்துக்குப் பொய்ம்முடியும் அதன் சிகரத்தில் ஓர் அற்பத் தொப்பியும் தரித்து உலாவியபடியால், ஊரார் அவர்களுக்கே மாக்ரோனிகள் என்று நாமகரணம் செய்து, பரிகாசச் சித்திரம் போட்டு விற்றார்கள். அதே காலத்தில், 1769-ல், எலிஸபெத் ராஃபால்டு என்ற அம்மாள் வெளியிட்ட சமையற் புத்தகத்தில், வெண்ணெயும் பாலேடும் பார்மிஸான் சீஸும் கொண்டு மாக்ரோனி சமைக்கும் கிரமம் வந்துவிட்டது. அமெரிக்க ஜனாதிபதி ஜெபர்ஸன் 1802-ல் தம் மாளிகை விருந்தில் இதைப் பரிமாறினார் என்பதை மாமா வாரம் தவறாமல் பிரஸ்தாபிப்பார். விருந்துக்கு வந்தவர் ஒருவர் அதன் ருசி தமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நாட்குறிப்பில் எழுதி வைத்ததைப் பிரஸ்தாபிக்கமாட்டார். லண்டன்காரர்களின் பொய்ம்முடி மாமாவுக்கு இல்லை. அதன் ஸ்தானத்தில், நவம்பர் மாதத்துக் காற்று கொஞ்சம் சிலுசிலுத்த மாத்திரத்தில் வங்காளிகளைப் பார்த்து அவரும் அணிந்துகொள்ளும் மங்கி குல்லாய் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வைபவத்துக்குச் சனிக்கிழமையே பூர்வாங்கம் ஆரம்பம். குல்லாயும் துணிப்பையுமாக மாமா காளிகாட்டில் மெட்ரோ ஏறி எஸ்பிளனேடில் இறங்கி, 1874-ஆம் வருஷம் புத்தாண்டு தினத்தில் வெள்ளைக்காரர்களின் சௌகரியத்துக்காகத் திறக்கப்பட்டதும், பின்னால் ஸர் ஸ்டூவர்ட் ஹாக் என்ற நகராட்சித் தலைவரின் பெயரைத் தாங்கியதுமான நியூ மார்க்கெட்டுக்குள் நுழைவார். கூடை சுமக்கும் கூலியாட்கள் புதிய முகங்களையெல்லாம் துரத்துவார்கள். மாமாவை மட்டும் துரத்துவதில்லை, ஏனெனில் அவர் வாங்குவது ஒரு கூடைக்கு ஆகாது என்பது அவர்களுக்குத் தெரியும். 1902-லிருந்து கேக் விற்றுவரும் நாஹூம் கடையை, முட்டையை உத்தேசித்து, மூச்சையடக்கிக் கடந்து, சீஸ் விற்கும் கடைகள் பக்கம் போய், "தாதா, பாண்டெல் ஆச்சே?" என்பார். அந்த மூன்று வார்த்தைகளில் அவருடைய வங்காளிப் பாண்டித்யம் பெரும்பாலும் செலவாகிவிடும்.

பாண்டெல் என்பது ஹூக்ளி நதிக்கரையில் போர்த்துகீசியர் குடியேறிய ஸ்தலம். அவர்கள் சொல்லிக்கொடுத்து இந்த நாட்டார் செய்யத் தொடங்கியதாகக் கருதப்படும் பாண்டெல் சீஸ், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்ன வட்டு. வெள்ளையாக ஒன்று, புகையூட்டிப் பழுப்பாக ஒன்று என இரண்டு தினுசில் கிடைக்கும். இரண்டும் உப்புக்கரிக்குமாகையால் இராத்திரி முழுதும் ஜலத்தில் ஊறப்போட வேண்டும். அதை வாங்கும்போதே மாமா கடைக்காரருக்கு ஒரு பிரசங்கம் நிகழ்த்துவார்: பாலைத் திரிப்பதைப் பாவமாக எண்ணியிருந்த வங்காளத்துக்கு அந்தப் பழக்கத்தைப் போர்த்துகீசியர் கொணர்ந்ததாகச் சிலர் சொல்வதையும், அதிலிருந்துதான் சந்தேஷும் ரசகுல்லாவும் பிறந்தன என்ற சித்தாந்தத்தையும் விவரிப்பார். கடைக்காரர் வங்காளியாகையால் அந்தச் சித்தாந்தத்தை ஒப்புக்கொள்வதில்லை, வியாபாரியாகையால் மறுப்பதுமில்லை. அடுத்தது காலிம்போங் சீஸ். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் மலைமேல் ஏற்படுத்திய பால்பண்ணையின் பரம்பரையில் வந்தது, சற்றே புளிப்பும் உதிரும் குணமும் உள்ளது. மாமா அதை முகர்ந்து பார்த்து, தலையசைத்து, கீழே வைத்துவிடுவார்.

கீழே வைப்பதற்குக் காரணம் உண்டு. சீமை முறைப்படி சீஸ் செய்கிறவர்கள் பாலை உறைய வைப்பதற்குத் தொன்றுதொட்டு உபயோகித்து வந்தது, பால்குடி மறவாத கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற வஸ்து. இந்த ரகசியம் மாமாவுக்கு உத்தியோக காலத்தில் தெரியாது. ஓய்வு பெற்ற பிற்பாடு எங்கேயோ படித்துவிட்டு, அத்தனை வருஷத்து விருந்துகளையும் நினைத்து மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை என்று மாமி சொல்லுகிறாள். பாண்டெல் சீஸோ எலுமிச்சஞ்சாறு விட்டுப் பாலைத் திரித்துச் செய்வது. எந்த ஆசாரக்காரர் வீட்டுக்குள்ளும் தலைநிமிர்ந்து நுழையக்கூடியது. அதைத் தெரிந்துகொண்ட அன்று மாமாவுக்கு ஏற்பட்ட ஆனந்தம், அதை அடுப்பில் ஏற்றிய அன்று போய்விட்டது. புளிப்பினால் திரிந்த கட்டியை எவ்வளவு சூடாக்கினாலும் அது இளகாது. குழம்பில் போட்ட பனீர் கடைசி வரையில் துண்டு துண்டாகவே நிற்பதை யாரும் பார்த்திருக்கலாம். உருகி வழிகிற குணம் ரென்னெட்டினால் உறைந்த சீஸுக்குத்தான் உண்டு. ஆசாரமுள்ளது உருகுவதில்லை, உருகுவது ஆசாரத்துக்கு ஒத்துவருவதில்லை என்ற இந்தத் தர்மசங்கடத்தில் மாமா கொஞ்ச காலம் தத்தளித்தார்.

மீட்டது அமுல் டப்பா. அதன் மேல் பச்சைப் புள்ளி இருக்கிறது. உறைய வைக்கும் ரென்னெட்டும் கன்றைத் தொடாமல் நுண்ணுயிர்களிடமிருந்து எடுத்தது. பக்குவம் செய்யும்போது சேர்க்கும் சில உப்புகளின் மகிமையால், நெய் தனியே பிரியாமல் ஒரே சீராக உருகவும் செய்கிறது. இதற்காக எஸ்பிளனேடுவரையில் போக வேண்டியதே இல்லை. மாமாவின் மாடிப்படிக்கு நேர் கீழே உள்ள மளிகைக் கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆயினும் மாமா சனிக்கிழமை யாத்திரையை நிறுத்தினாரில்லை. சம்பாஷணைக்குப் பாண்டெல், சமையலுக்கு டப்பா என்று ஏற்பாடு செய்துகொண்டார். விருந்தாளியின் கண்ணில் படும்படி ஊறவைத்த வட்டு மேஜைமேல் வீற்றிருக்கும். டப்பாவை மாமி அலமாரிக்குப் பின்னால் வைத்துத் திறப்பாள்.

ஞாயிறு காலை இரண்டாவது காபி முடிந்ததும், வெள்ளைத் துண்டு ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு மாமா சமையலறையைக் கைப்பற்றுவார். மாக்ரோனியை வேகவைத்து வடிப்பது மாமி, சீஸ் துருவுவது பாத்திரம் தேய்க்க வருகிற மாஷி, ரொட்டித்தூள் உதிர்ப்பது பேத்தி, வெண்ணெய் நிறுத்துத் தருவது மாட்டுப்பெண், இவ்வளவையும் கூடத்து நாற்காலியிலிருந்து கவனித்துக்கொண்டு, "ஓட்டைச் சேமியாவுக்கா இத்தனை அமர்க்களம்?" என்று கேட்பது மாமாவின் தாயார். மாமா மரக்கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஆனால் நியாயத்தைச் சொல்லத்தான் வேண்டும். அந்த மரக்கரண்டி சாமானியமானதன்று. 250 கிராம் மாக்ரோனிக்கு 50 கிராம் வெண்ணெய், 50 கிராம் மைதா, 750 மில்லி பால், 200 கிராம் சீஸ் என்று கணக்கு வைத்துக்கொண்டு, வெண்ணெயில் மைதாவைச் சிவக்கவிடாமல், பச்சை வாசனை போகும் அளவுக்கு மட்டும் வறுத்து, பாலைக் கொஞ்சங் கொஞ்சமாக விட்டுக் கிளறும் அந்தச் சில நிமிஷ நேரத்தில், மாமா ஒரு கலைஞர். பாலை அவசரப்பட்டுக் கொட்டினால் சினிமா சுவரொட்டிக்குக் காய்ச்சிய பசையாகிவிடும். சீஸைக் கொதிக்கக் கொதிக்கப் போட்டால் நூல் நூலாகத் திரிந்துகொள்ளும். ஆகையால் அடுப்பை அணைத்த பிறகே போட வேண்டும். மாக்ரோனியையும் முழுதாக வேகவிடக் கூடாது; பாக்கி வேக்காட்டை அது சாஸைக் குடித்துக்கொண்டே 'அவன்' என்ற அடுப்பில் பூர்த்தி செய்துகொள்ளும்.

"ஏன்னா, ஓரத்துல கட்டி தட்டறாப்பல இருக்கே. அடுப்பைச் சித்தத் தணிக்கட்டுமா?" என்பாள் மாமி.

"தணிக்காதே! பேசாதே! பாலைக் கொண்டா, பாலை!" என்று மாமா முழங்குவார். மாமி பேசாமல் அடுப்பைத் தணித்துவிடுவாள்.

பிறகு எல்லாவற்றையும் பீங்கான் பாத்திரத்தில் கொட்டி, மேலே ரொட்டித்தூளும், உருகமாட்டேன் என்று சத்தியாக்கிரகம் செய்யும் பாண்டெலை உதிர்த்துப் போட்ட தூளும் தூவி, மூடியில் கண்ணாடிக் கண் வைத்த பழைய வட்ட அலுமினிய அவனுக்குள் வைப்பார்கள். மருமகள் வந்த பிறகு புதிய பெட்டி அவன் ஒன்றும் வந்திருக்கிறது. அதில் முறுக்கு டப்பாக்கள் இருக்கின்றன. வட்ட அவனோடு மாமாவுக்கு உள்ள பாந்தவ்யம் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கல்கத்தாவை ஆட்டிவைத்த மின்வெட்டுக் காலத்தில் உறுதிப்பட்டது. எந்த நிமிஷத்தில் விளக்கு அணையுமோ என்ற திகிலோடு கண்ணாடி வழியே உற்றுப் பார்த்துப் பார்த்து, இப்போது மின்சாரம் போகாத நாளிலும் மாமா அதன் எதிரிலிருந்து எழுந்திருப்பதில்லை. மேற்புறம் பொன்னிறம் கொள்ளும்போது, வீட்டார் எல்லோரையும் கூப்பிட்டு, வரிசையாக அந்தக் கண்ணாடி வழியே தரிசனம் செய்து வைப்பார்.

சாப்பாட்டுக்கு எதிர் ஃபிளாட் வங்காளி பாபுவுக்கு நிரந்தர அழைப்பு. பார்க் ஸ்ட்ரீட் ஹோட்டல்களின் வெள்ளை சாஸ் பதார்த்தங்களில் சிறு பிராயத்திலிருந்தே பரிச்சயமுள்ள அவர், பிற ஊர்களில் மறைந்தொழிந்த அந்தச் சமையல் கல்கத்தாவில் இன்னும் சிரஞ்சீவியாக இருப்பதற்கு வங்காளிகளின் ஜீரண சக்தியே காரணம் என்ற அபிப்பிராயம் உடையவர். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, கண்ணை மூடி யோசித்து, தாம் கையோடு கொண்டுவந்த காசுந்தி புட்டியைத் திறப்பார். சீஸ் சாஸில் கடுகு சேர்ப்பது இங்கிலீஷ்காரர்களின் சம்பிரதாயமே என்பதையும், வங்காளத்துக் காசுந்தியைவிடச் சிறந்த கடுகு விழுது பூலோகத்தில் கிடையாது என்பதையும் அவர் எடுத்துரைக்க, கோல்மன்ஸ் தவிர வேறு கடுகைத் தம் மேஜையில் அனுமதிப்பதற்கில்லை என்று மாமா ஆட்சேபிக்க, அந்த வாதம் முடிவதற்குள் புட்டி மேஜையைச் சுற்றி வந்து பாதி காலியாகிவிடும். மாமாவின் தாயார் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு மோர்சாதம் கேட்பாள். உண்மையில் மாமாவும் சாப்பிடுவது இரண்டு ஸ்பூன்தான்; பேக் பண்ணுகிறவனுக்குப் பசி போய்விடும் என்பார். மோர்சாதத்துக்கு மட்டும் அந்தப் பசி திரும்பி வந்து, நார்த்தங்காயோடு இரண்டு தரம் பரிமாறிக்கொள்ளச் செய்யும்.

மிஞ்சுவது எப்போதும் அரைப் பாத்திரம். திங்கட்கிழமை காலையில் அது இறுகி, கத்தியால் வெட்டக்கூடிய பதத்துக்கு வந்துவிடும். மாமி அதை வில்லை வில்லையாக நறுக்கி, பச்சைமிளகாயும் கொத்தமல்லியும் போட்ட மைதாக் கரைசலில் தோய்த்து, ரவையில் புரட்டிப் பொரித்தெடுப்பாள். ஆபீஸுக்குக் கிளம்பும் பிள்ளை நின்றபடியே நாலைந்து தின்பான். பேத்தி டிபன் டப்பாவில் வைக்கச் சொல்லி அழுவாள். மாஷி தன் குழந்தைகளுக்கென்று பொட்டலம் கட்டிக்கொள்வாள். தாயாரும் மோர்சாதத்தை ஒத்திவைப்பாள். மாமா கடைசித் துண்டை விரலில் பிடித்துத் திருப்பிப் பார்த்து, இது 1917-லிருந்து சௌரங்கியில் கொடிகட்டிப் பறந்த ஃபிர்ப்போ ஹோட்டலின் பட்சணம் என்றும், இதற்கு அங்கே க்ரோக்கெட் என்று பெயர் என்றும் அறிவிப்பார். ஃபிர்ப்போவை அவர் எதிர்ப்புறத்து நடைபாதையிலிருந்து தவிர வேறெங்கிருந்தும் பார்த்ததில்லை.

"அப்படின்னா வர வாரம் நேரா ஃபிர்ப்போ பட்சணத்தையே பண்ணிடலாமே. நடுவுல இந்த மாக்ரோனி எதுக்குன்னா?" என்பாள் மாமி.

மாமா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டு, அலமாரிக்குப் பின்னால் டப்பா இன்னும் எத்தனை பாக்கியிருக்கிறது என்று விசாரிப்பார்.