எழும்பாமல் இருக்க எவ்வளவு பாடு!

கதிரையை விட்டு எழும்பக் கூடாது. இந்த ஒரேயொரு லட்சியத்துக்காக மனுசன் பட்ட பாட்டில் கால்வாசியைப் பட்டிருந்தால், எழும்பிப் போய் சேனலை மாற்றிவிட்டு வந்து ஒரு தூக்கமும் போட்டிருக்கலாம்.

முதல் ஆள் வில்லியம் ஹெர்ஷல். தொழில் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பது. 1781இல் யுரேனஸ் கிரகத்தைப் பிடித்தவர், பிடித்த கையோடு அதற்கு மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் பெயரைச் சூட்டப் பார்த்தார். ஐஸ் வைப்பதென்றால் இப்படி வைக்க வேண்டும்! வருசம் 200 பவுண் சம்பளம் ஓகே. அதே மனுசன் 1800இல், முப்பட்டகத்தில் பிரிந்த வெயிலின் சிவப்புக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கேதான் சூடு கூட! இன்ஃப்ராரெட் ரெடி. இனி டீவி வர வேண்டியதுதான் பாக்கி.

டீவி வந்தது, கூடவே விளம்பரமும். ஸெனித் கம்பனித் தலைவர் மெக்டொனால்ட் விற்பது டீவி. ஆகாதது டீவி விளம்பரம். அவருடைய எஞ்சினியர் யூஜின் பொலி 1955இல் ஃபிளாஷ்மாட்டிக் என்று துப்பாக்கி மாதிரி ஒரு லைட்டைச் செய்துகொடுத்தார். டீவியின் நான்கு மூலையிலும் ஒளியை உணரும் கண்கள். குறிபார்த்துச் சுட்டால் சத்தம் அடங்கும், சேனல் மாறும். பின்னேர வெயில் ஜன்னலால் விழுந்தால் சூரியனும் தன் பங்குக்குச் சேனல் மாற்றும்.

அடுத்த வருசமே ரொபர்ட் அட்லர் வந்தார். பொத்தானை அமுக்கினால் அலுமினியக் குச்சியைச் சின்னச் சுத்தியல் தட்டும். மனுசக் காதுக்குக் கேட்காத அந்த ஒலி டீவிக்குக் கேட்கும். பட்டரியே வேண்டாம்! சாவிக்கொத்தைக் குலுக்கினாலும் டீவி கீழ்ப்படிந்தது வேறு கதை. பேரெல்லாம் அட்லருக்குப் போக, பொலிக்குக் கடைசிவரை மனத்தாங்கல். 1997இல் எமி விருதை இருவருக்குமாகப் பங்கு வைத்தார்கள்.

நமக்கு இந்தத் தலையிடி இல்லை. 1982இல் ரூபவாஹினி டீவி வந்தபோது இலங்கையில் மொத்தமே இரண்டு சேனல். ரிமோட்டை வைத்து முதுகுதான் சொறியலாம்.

இப்போது ஓட்டமாவடியில் ஒரு ஹோலுக்குள் வாருங்கள். கட்டார் காசில் வாங்கிய பெரிய டீவி, பழைய கம்பியூட்டர், அதில் லினக்ஸ், அதற்கு மேல் படம் ஓட்டும் கோடி மென்பொருள். மவுஸைப் பிடித்துப் படம் பார்ப்பது வாப்பாவின் கௌரவத்துக்குச் சரிவருமா? மூன்று கால் வைத்த டீஎஸ்ஓபி 1738 இன்ஃப்ராரெட் ரிசீவரை வாங்கி சோல்டர் பண்ணிவிட்டார். சூரியன் இனி வாலாட்ட முடியாது. ரிமோட்டின் ஒளி நொடிக்கு 38,000 தடவை துடிக்கும், வெயில் துடிக்காது. ஓட்டமாவடிப் பழைய பாலத்தில் ரயிலும் பஸ்ஸும் ஒரே வழியால் போன காலத்தைக் கண்டவர்களுக்கு இது லேசாக விளங்கும்: ஹோர்ன் சத்தத்திலேயே வருவது எதுவென்று தெரிந்துவிடும்.

அடுத்தது, ரிமோட்டின் பாஷையைக் கம்பியூட்டருக்குப் படிப்பிக்கும் லிர்க் மென்பொருள். பொத்தான்களை ஒவ்வொன்றாக, ஏறக்குறைய ஒரு நொடி அமுக்கச் சொல்லும். ஒரு பொத்தானுக்குத் திரையில் ஒரு புள்ளியாவது விழ வேண்டும், பத்தைத் தாண்டக் கூடாது. பிறகு ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயரை டைப் பண்ண வேண்டும், கீபோர்டில். கீபோர்ட் இருப்பது மேசையில். எழும்பு, இரு, எழும்பு, இரு.

ஒருவழியாக எல்லாம் முடிந்து, வாப்பா சாய்ந்து உட்கார்ந்து, ரிமோட்டை நீட்டி அமுக்கினார். உள்ளறையில் படுத்திருந்த மகன் அதே நேரம் போனையே கோடியின் ரிமோட்டாக்கும் கோர் ஆப்பைத் தட்டினான். டீவியில் கார்ட்டூன் ஓடியது.

“இஞ்ச வா புள்ள, ரிமோட் வேல செய்யுது!” என்று வாப்பா உம்மாவைக் கூப்பிட்டார்.