சாண் தண்ணீர்ச் சூத்திரம்

சாணள வாழத்துச் சுமைமிகக் கொண்டோன்
காணுவன் முதலில் கழியடிச் சேறே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், மீன்பிடிக் கயாக் ஒன்றைப் புதிதாக வாங்கி, ஆழமற்ற கடற்கழியில் வெள்ளோட்டம் விடுவார்க்கு நேர்வன உணர்த்துதல் நுதலிற்று. நூற்பாவை இயற்றியவனும் உரை வரைபவனும் ஒருவனே ஆகையால் மூலத்துக்கும் உரைக்கும் முரண் வராது. வந்தால் பாடபேதம் என்று கொள்க.

முதலில் நிலம். களம் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துத் தென்கரை. அங்கே மெக்சிகோ வளைகுடாவுக்கும் தரைக்கும் நடுவே பாட்ரே தீவு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. மணல் குவிந்து உண்டான தடுப்புத் தீவுகளில் உலகிலேயே நீளமானது அதுதான். தீவுக்கு உட்புறம் அடைபட்ட நீருக்கு லகூனா மாத்ரே என்று பெயர். சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான் இருக்கும். டெக்சஸ் பக்கத்தில் பெரிய ஆறு எதுவும் வந்து விழுவதில்லை; வெயிலுக்கோ குறைவில்லை. அதனால் கடலைவிட உப்பு மிகுந்த நீர். தரையெல்லாம் கடற்புல். ஓதம் பெயரளவுக்குத்தான், இன்றைக்கு எங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது. இப்படிப்பட்ட கழியில் முழங்கால் மட்டம் ஆழம் எனப்படும். சாண் மட்டமே இயல்பு எனப்படும்.

திணை ஆராய்ச்சி சற்றுச் சிக்கலானது. கடலும் கழியும் நெய்தல்; அதற்குரிய பொழுது எற்பாடு; உரிப்பொருள் இரங்கல். ஆனால் கயாக்கர் காற்று எழுமுன் நீரில் இறங்க வேண்டியவர். ஆகவே வைகறையில் புறப்படுகிறார். வைகறையோ மருதத்தின் பொழுது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். நான் கண்ட வெள்ளோட்டத்தில் சனிக்கிழமை வைகறை வீட்டு வாசலில் ஊடல் முறைப்படி நிகழ்ந்தது. “வாரத்துல ஒரு நாள் வீட்ல இருக்கக் கூடாதா?” என்று கேட்டவள் என் அக்கா. எற்பாட்டில் கரையோரத்தில் இரங்கலும் நிகழ்ந்தது. அது மீன் பற்றிய இரங்கல். இரண்டு உரிப்பொருளும் ஒரே நாளில், ஒரே ஆளிடத்தில். திணைமயக்கத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை எந்த உரையாசிரியரும் தரவில்லை.

அந்த ஆள் என் அக்காவின் கணவர். நான் அவரை அத்தான் என்பேன். அவர் என்னை மாப்ளே என்பார். சான் அன்டோனியோவில் வேலை, கடல் மூன்று மணி நேரத் தொலைவில். அகத்திணையில் தலைவன் பெயர் சுட்டப்படுவதில்லை என்ற மரபை ஒட்டி, இனி அவரைத் தலைவன் என்றே குறிப்பேன். ஊடிய தலைவியையும் அவ்வாறே.

இனி, ‘சுமைமிகக் கொண்டோன்’ என்பது. இதற்கு உரை நீளும்; நூற்பாவின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

வடகோடிக் கடலோரங்களில் வாழும் இன்யூயிட், அலூட் மக்களின் படகு கயாக். மரச்சட்டம், அதன்மேல் கடல்நாய்த் தோல். ஆணி கிடையாது, கட்டுதான். அளவுகோல் அவரவர் உடம்பு. கைகளை விரித்தால் வரும் நீளத்தைப்போல் மூன்று மடங்கு நீளம், இடுப்பின் அகலத்தோடு இரண்டு கைமுட்டி சேர்த்த அகலம் என்று ஒரு கணக்கு வழங்கியிருக்கிறது. தையற்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டை எப்படியோ அப்படி, அடுத்தவருக்குப் பொருந்தாது. வேட்டைக்காரர் அதை ஒற்றை ஆளாய்த் தூக்கி நடந்தார், ஒலியில்லாமல் கடல்நாயை நெருங்கினார். இல்லாதவற்றால் சிறந்த படகு என்று இலக்கணம் சொல்லலாம். சத்தம் இல்லை, எடை இல்லை, நீருக்கடியில் நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு இல்லை.

1971-இல் கலிஃபோர்னியாவின் டிம் நீமையர் என்பவர் உள்ளே கால் நுழைத்து உட்காரும் கயாக்கை விட்டு, மேலே உட்காரும் கயாக்கைச் செய்தார். தளத்தில் ஓட்டைகள், ஏறிய அலை தானே வடிந்துவிடும். மிதப்புக்குள் மனிதன் இறங்காமல் மிதப்பின் மேல் அமர்வது, ஏறிய நீரை இடைவெளி வழியே விட்டுவிடுவது ஆகிய இரண்டையும் கட்டுமரம் எப்போதோ செய்துவிட்டது. இதைத் தமிழன் முன்பே கண்டான் என்று எழுதாமல் ஆய்வுக் கட்டுரை நிறைவு பெறாது என்பதால் இங்கே எழுதி முடித்துவிடுகிறேன். 1997-இல் ஹோபி நிறுவனம் பெங்குயின் துடுப்புகளைப்போல் பக்கவாட்டில் அடிக்கும் இரண்டு சிறகுகளைப் பெடலோடு இணைத்தது. கைகள் விடுபட்டன. வரலாறு திரும்பிய இடம் இதுதான் என்பது என் துணிபு. துடுப்புப் பிடித்திருந்தவரை மனிதனால் வேறு எதையும் எடுக்க முடியவில்லை. கை சும்மா இருக்கத் தொடங்கியதும் பொருள்கள் ஏறத் தொடங்கின.

தலைவனின் கயாக் பன்னிரண்டடி நீளம், கனத்த பாலித்தீன் வார்ப்பு, பெடலும் இருக்கையும் சேர்த்து ஐம்பது கிலோவைத் தொடும். ஒற்றை ஆளாய்த் தூக்க முடியாது. ஆகவே அதற்கு இரண்டு சக்கரங்களில் ஒரு வண்டி. நீர் விளிம்புவரை வண்டி படகைச் சுமக்கிறது; அதன்பின் வண்டியைக் கரையில் விட மனமில்லாமல் படகின்மேல் கட்டுகிறார்கள்; படகு வண்டியைச் சுமக்கிறது. நியாய சாத்திரம் இதை அந்நியோந்நியாசிரயம் என்று குற்றமாகச் சொல்லும். கயாக் கடைக்காரர் உதிரிப்பாகம் என்று விலை சொல்வார்.

பொருள் பொருளை ஈனும் என்பது இத்துறையின் துணைவிதி. ஆழம் அறிய ஒரு ஃபிஷ் ஃபைண்டர். தரையில் ஊரும் நண்டு கண்ணுக்குத் தெரியும் தண்ணீரில் ஒலியனுப்பி ஆழம் கேட்பது எதற்கு என்று வினவினேன். “உனக்கு ஒண்ணும் புரியாது மாப்ளே, இதுல மேப்பும் இருக்கு” என்றார் தலைவன். அதற்கு பேட்டரி, பேட்டரி நனையாதிருக்க ஒரு பெட்டி, பெட்டி நகராதிருக்கப் பின்னால் ஒரு பால்கூடை, கூடை இருப்பதால் அதன் நான்கு மூலையிலும் தூண்டில் தாங்கிகள், தாங்கிகள் இருப்பதால் தூண்டில்கள். மனிதனுக்கு இரண்டு கைகள் என்ற உடற்கூற்று உண்மை எந்த இடத்திலும் குறுக்கிடவில்லை. நங்கூரம், ஊன்றுகோல், காற்றில் படகு வேகமாக அடித்துச் செல்லாதிருக்க நீரில் இழுபடும் துணிப்பை, வலை, இடுக்கி, மீன் அளக்கும் பலகை, ஐஸ் பெட்டி என்று ஏறியது போக, எல்லாவற்றையும் படமெடுக்க ஒரு கம்பின் நுனியில் கேமரா. இவ்வளவுக்கும் சட்டம் கேட்பது லைஃப் ஜாக்கெட்டும் ஓர் ஊதலும்தான். இருட்டினால் ஒரு வெள்ளை விளக்கு.

இந்தச் சுமையால் படகு எவ்வளவு அமிழும்? இங்கே கணிதம் எனக்கு எதிராகப் பேசுகிறது. அதையும் மறைக்காமல் வைக்கிறேன். இந்த வடிவக் கயாக்கின் நீர்மட்டப் பரப்பு இரண்டு சதுர மீட்டருக்குச் சற்று மேல் என்று கொண்டால், ஒரு சென்டிமீட்டர் அமிழ இருபது கிலோவுக்குமேல் வேண்டும். முப்பது கிலோப் பொருள் ஏற்றினால் அமிழ்வது ஒன்றரை சென்டிமீட்டருக்குள். லகூனாவின் உப்பு மிகுந்த நீர் இன்னும் கொஞ்சம் தாங்கும். ‘விரற்கடைகூட இல்லை, பார்’ என்பது பூர்வபட்சம்.

சித்தாந்தம் வருமாறு. அமிழ்வது படகால் அன்று, பெடலால். சிறகுகள் முழு வீச்சில் அடிக்கும்போது படகின் அடியிலிருந்து ஒன்றரை அடிக்குமேல் இறங்குகின்றன. வாங்கிய விலையில் கணிசமான பங்கு போனது அந்தச் சிறகுகளுக்குத்தான். மீன் இருக்கும் இடத்தில் முதலில் மடக்கி வைக்க வேண்டியவையும் அவையே. படகிறங்கு துறையின் நல்ல தண்ணீரில் தலைவன் கம்பீரமாகப் பெடல் மிதித்துப் போனார். கடற்புல் தொடங்கியதும் சிறகில் புல் சுற்றியது. எடுத்தார், மிதித்தார், மறுபடி சுற்றியது. சிறகை அடியோடு ஒட்ட மடக்கிவிட்டுத் துடுப்பைத் தேடினார். துடுப்பு எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது.

அதற்குள் காற்று. துறையின் பெயர் பேர்ட் ஐலண்ட் பேசின். பாட்ரே தீவின் தேசியக் கடற்கரைப் பகுதியில் உள்ளது. நாடெங்கிலுமிருந்து பாய்ப்பலகைக்காரர்கள் தேடி வரும் இடம் அது. தட்டையான தண்ணீர், தட்டாத காற்று. பாய் விரிக்கும் கூட்டத்தின் நடுவே போய்க் காற்றடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டவர் தலைவன் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். பின்னால் நிமிர்ந்து நின்ற கூடையும் தூண்டில்களும் பாயின் வேலையைச் செய்தன. அவர் வடக்கே முகம் வைத்தார். படகு தன் விருப்பப்படி திரும்பியது.

‘காணுவன்’ என்றதனால் பார்வை இலக்கணமும் கூறப்படும். நீரின் மேல் தெறிக்கும் ஒளி ஒருதளப்பட்டது என்பதற்கு வழிகாட்டியவர் பிரான்ஸின் மாலுஸ், 1808-இல். எந்தக் கோணத்தில் முழுமையாக ஒருதளப்படும் என்று விதி சொன்னவர் ஸ்காட்லாந்தின் புரூஸ்டர். நீருக்கு அது ஏறத்தாழ 53 பாகை. போலராய்டு கண்ணாடி அந்த ஒளியைத் தடுத்துவிடுவதால் அடித்தரை தெரிகிறது. எழுந்து நின்றால் இன்னும் நன்றாகத் தெரியும் என்பதற்காகவே இந்தக் கயாக்குகளை நிற்கும் அளவு அகலமாகச் செய்கிறார்கள். மறுதலையை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. நீருக்குள்ளிருந்து பார்க்கும் மீனுக்கு மேலுலகம் முழுவதும் சுமார் 97 பாகை விரிவுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரியும். உட்கார்ந்திருப்பவர் வட்டத்தின் விளிம்பில் நசுங்கிக் கிடப்பார். நிற்பவர் உள்ளே வந்துவிடுவார். மீனைக் காண நிற்பவரை மீன் முதலில் காண்கிறது.

தேடிப் போன மீன் ரெட்ஃபிஷ். நம்மூர்க் கத்தாழைக் குடும்பம். வாலடியில் கறுப்புப் பொட்டு. சாண் தண்ணீரில் தலையைச் சேற்றில் புதைத்து நண்டு தேடும்போது வால் வெளியே வந்து ஆடும். அந்த வாலைக் காண்பதற்காகவே மனிதர்கள் ஊடலைப் பொறுத்துக்கொண்டு வருகிறார்கள். அது தெரிந்தது. கரையிலிருந்த எனக்கே பைனாகுலரில் தெரிந்தது. தலைவன் எழுந்தார், ஒரு தூண்டிலை உருவினார். அது பக்கத்துத் தூண்டிலின் நூலோடு வந்தது. பிரிக்கையில் இடுக்கி தளத்தில் விழுந்தது. உள்ளீடற்ற பிளாஸ்டிக் கூடு நல்ல முரசு. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் போகும், காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். ரெட்ஃபிஷ் தானும் காற்றுப்பையை அதிரவைத்து முரசொலி எழுப்பும் சாதி. அறிவிப்பைப் புரிந்துகொண்டு போய்விட்டது.

ஒப்பீட்டுச் சான்றும் கிடைத்தது. சற்றுத் தள்ளி வெயிலில் வெளுத்த ஒரு பழைய கயாக்கைக் கயிற்றால் இடுப்பில் கட்டி இழுத்தபடி ஒரு முதியவர் நீரில் நடந்து போனார். ஒரே தூண்டில். திருக்கையை மிதித்துவிடாமல் பாதத்தைத் தூக்காது தேய்த்துத் தேய்த்து வைக்கும் நடை. அவருக்கு மீன் மாட்டியது, அளந்தார். டெக்சஸில் 20 அங்குலத்துக்குக் குறைந்த ரெட்ஃபிஷையும் 28-ஐத் தாண்டியதையும் விட்டுவிட வேண்டும். பெரியது வேண்டுமானால் உரிமச்சீட்டோடு வரும் அடையாளச் சீட்டைக் கட்ட வேண்டும். இந்த மீன் மாநிலத்தில் இன்னும் மிஞ்சியிருப்பதற்கு இத்தகைய விதிகளும், 1981-இல் கழிகளில் பிடித்ததை விற்கத் தடை வந்ததும் காரணம். முதியவர் மீனை விட்டுவிட்டு நடந்தார்.

அவரைப் பார்த்துத் தலைவனும் இறங்கினார். இறங்கிய இடம் கடற்புல் இல்லாத இடம். முழங்கால்வரை புதைந்தார். ‘சேறே’ என்பதன் ஏகாரம் பிரிநிலை. மீனன்று, சேறே என்க. ‘முதலில்’ என்றதனால் பின்னர் மீன் கண்டாரோ எனின், அன்று கண்டிலர்.

கரையேறியபின் இரங்கல் பகுதி நெடுநேரம் நடந்தது. குறை எங்கே என்று தலைவன் ஆராய்ந்தார். எதை இறக்கலாம் என்று நான் பட்டியல் தொடங்கினேன். “அதெல்லாம் இல்ல மாப்ளே. காத்துதான் பிரச்சினை. ஒரு சின்ன மோட்டார் மாட்டிட்டா சரியாப்போயிடும்” என்றார்.

டெக்சஸில் துடுப்பாலோ பெடலாலோ போகும் கயாக்குக்குப் பதிவு எதுவும் வேண்டியதில்லை. பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டாரானாலும் மாட்டினால் பதிவு எண் வாங்கிப் படகின் பக்கத்தில் ஒட்ட வேண்டும்; அதன் விசிறியில் கடற்புல்லை வேரோடு பிடுங்குவது 2013 முதல் மாநிலக் கடலோரம் முழுவதும் குற்றம். மோட்டாருக்கு ஆர்டர் போட்டாயிற்று என்று தலைவி சொன்னாள்.