அகப்பை பிடித்த தலைவர்

ஒடியற்கூழ் காய்ச்சுகிற நாளில் எங்கள் வீட்டில் நான்தான் தலைவர். ஒருவரும் வாக்குப் போடவில்லை. கந்தோரில் ஒரு கூட்டத்தை மேய்த்தவன் என்ற தகுதி எனக்கே போதுமாக இருந்தது. வேலையைப் பிரித்துக் கொடுப்பதும் நான், பானையைக் கிண்டுவதும் நான்.

பலாக்கொட்டை, மரவள்ளி, பயற்றங்காய் முதலில் அவிய வேண்டும். பிறகு மீன், நண்டு, இறால். கசப்புப் போக ஊறவைத்து வடித்த ஒடியல் மாவை விட்டபிறகு கை ஓயக்கூடாது. ஓய்ந்தால் கட்டிபடும், அடிப்பிடிக்கும். தலைவரிடம் அலுவல் வருவது சரியாக அந்த நேரத்தில்தான்.

"அத்தான், நண்டை எத்தினையாய் உடைக்கிறது?"

"அப்பா, பலாவிலை குத்துற ஈர்க்கு எங்கை?"

"தம்பி, பழப்புளி இவ்வளவு காணுமோ?"

பதில் சொல்லத் திரும்பினால் பானை கெடும். பானையைப் பார்த்தால் வீடு முழுக்கக் கைகட்டி நிற்கும். நெருக்கடி கூடக் கூட நான் அகப்பையைத்தான் இறுக்கிப் பிடிப்பேன். கிண்டுவது எனக்குத் தெரிந்த வேலை. ஆட்களை நடத்துவது தெரிந்ததாகக் காட்டிக்கொள்கிற வேலை. (கந்தோரில் இருந்தவர்களுக்கு இது தெரியும். மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டார்கள்.)

இங்கிலாந்தின் கிரிக்கெட் வீரர் இயன் பொத்தமும் இதே பாடுதான் பட்டார். 1980, 81இல் 12 டெஸ்ட் போட்டிகளுக்குத் தலைவர். ஒரு வெற்றியும் இல்லை, துடுப்பாட்டச் சராசரி 13. பதவியை விட்ட அடுத்த போட்டியிலேயே, ஹெடிங்லியில், ஆட்டமிழக்காமல் 149 அடித்தார். அந்த 12இல் 9 போட்டி அன்றைய மேற்கிந்தியரோடு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். என் எதிரணி ஒரு பானை.

ஹெடிங்லியில் தலைவராக வந்தவர் மைக் பிரேர்லி. 39 டெஸ்ட் ஆடியும் ஒரு சதம்கூட இல்லாதவர். யாரிடம் எப்போது பந்தைக் கொடுப்பது என்று தெரிந்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுப் பிரேர்லி, என் மனைவி, முற்றத்துக் கதிரையில் இருந்தபடியே சொன்னா: "இஞ்சாருங்கோ, கிண்டுறதெண்டால் கிண்டுங்கோ. மற்றதை நான் பாக்கிறன்." எழும்பவில்லை, ஒன்றையும் தொடவில்லை. நண்டு உடைந்தது, ஈர்க்கு வந்தது, புளி அளவாய் விழுந்தது.

அன்றிலிருந்து தலைமை அவவிடம். அகப்பைகூட இப்போது மச்சானின் கையில். நான் முருங்கையிலை உருவுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூழ் குடிக்க வாருங்கோ. உப்புக் கூடிவிட்டதென்று மட்டும் என்னிடம் முறையிட வேண்டாம், அது என் பகுதி இல்லை.