டீச்சரம்மாவின் பயோடேட்டா

வெளிநாட்டு வாத்தியார் வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் பயோடேட்டாவில் கொஞ்சம் உப்பு, புளி, காரம் சேர்ப்பது ஊரறிந்த சங்கதி. மூன்று மாதம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு டியூஷன் எடுத்திருந்தால் ‘மூன்றாண்டு அனுபவம்’ என்று எழுதுவார்கள். ஆனால் 1862-ல் சயாம் (இன்றைய தாய்லாந்து) அரண்மனைக்கு இங்கிலீஷ் டீச்சராகக் கப்பலேறிய அன்னா லியோனோவன்ஸ் அம்மையார் உப்பு, புளியோடு நிற்கவில்லை. பழைய குழம்பைச் சட்டியோடு கவிழ்த்துவிட்டுப் புதிதாகவே தாளித்தார்.

அம்மையார் சொன்ன கதை இது: பிறந்தது வேல்ஸ் நாட்டில், 1834-ல். அப்பா ராணுவ கேப்டன். கணவர் மேஜர், புலி வேட்டைக்குப் போய் வெயில் தாக்கிக் காலமானார்.

ஆவணங்கள் சொல்வது: பிறந்தது நம்ம மகாராஷ்டிராவின் அகமதுநகரில், 1831-ல். அப்பா சாதாரண சார்ஜென்ட், மர வேலை தெரிந்தவர். மகள் முகம் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். அம்மா வழியில் இந்திய ரத்தம் உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கணவர் தாமஸ் லியோன் ஓவன்ஸ் ஒரு குமாஸ்தா. கடைசியில் பினாங்கில் ஹோட்டல் நடத்தி, 1859-ல் அங்கேயே இறந்தார். எந்தப் புலிக்கும் இதில் சம்பந்தமில்லை. அவர் பெயரின் பின்பாதி இரண்டையும் ஒட்டவைத்ததில் பிறந்ததுதான் ‘லியோனோவன்ஸ்’. புருஷன் விட்டுப்போன சொத்தில் உருப்படியானது அதுதான்.

சிரிக்கலாம், ஆனால் ரொம்பச் சிரிக்கக் கூடாது. கையில் இரண்டு குழந்தைகள், ஊர் சிங்கப்பூர், பிழைப்பு ஆபீசர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடத்திய ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ‘பூனா பாரக்ஸில் வளர்ந்த கலப்பினத்துச் சார்ஜென்ட் மகள்’ என்று போர்டு மாட்டினால் எந்த ஆபீசர் பிள்ளையை அனுப்புவார்? இங்கிலீஷ் தெரிந்தால் போதாது, இங்கிலீஷ்காரியாகவே பிறந்திருக்க வேண்டும். ‘நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும் விண்ணப்பிக்கவும்’ என்று இன்றும் ஆசியா முழுக்க விளம்பரம் வருகிறதே, அதே வியாதிதான். அம்மையார் மருந்து தேடி அலையவில்லை, பிறந்த ஊரையே மாற்றிக்கொண்டார்.

வேலைக்கு எடுத்த முதலாளியும் லேசுப்பட்டவர் அல்ல. மன்னர் மோங்குட் 27 வருஷம் பிக்குவாக இருந்துவிட்டு 1851-ல் சிம்மாசனம் ஏறியவர். பாலி, லத்தீன், ஆங்கிலம், வானியல் எல்லாம் அத்துப்படி. லத்தீனில் ‘ரெக்ஸ் சியாமென்சியம்’ என்று கையெழுத்துப் போடுவார். உங்கள் நாட்டில் யானை இல்லையாமே, அனுப்பட்டுமா என்று அமெரிக்க ஜனாதிபதிக்கே கடிதம் எழுதிய மனுஷன். எங்கள் சீதோஷ்ணம் யானைக்கு ஒத்துவராது, நீராவி எஞ்சின் இருக்கிறது என்று லிங்கன் நாசூக்காகப் பதில் போட்டதும் அதே 1862-ல்தான்.

முன்பு அரண்மனைப் பெண்களுக்குப் பாடம் எடுத்த பாதிரியார்களின் மனைவிமார் ஏ, பி, சி, டி-யோடு ஏசுவையும் சேர்த்துப் பரிமாறியதில் மன்னர் வெறுத்துப்போயிருந்தார். அதனால் புது டீச்சருக்கு ஒரே கண்டிஷன்: இங்கிலீஷ் சொல்லிக்கொடு, மதம் மாற்றாதே. சம்பளம் 150 டாலரா 100 டாலரா என்று கப்பலேறும் முன்பே பேரம் நடந்தது. தருவதாகச் சொன்ன தனி வீட்டுக்கு, வந்து இறங்கிய பிறகும் நடையாய் நடக்க வேண்டியிருந்தது. அரண்மனையானால் என்ன, ஊர்ப் பள்ளிக்கூடமானால் என்ன, வாத்தியாருக்கு வீடு கிடைப்பது எங்கேயும் இதே லட்சணம்தான்.

வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோங்குட்டுக்கு ஆயுளில் மொத்தம் 82 பிள்ளைகள். வேறு எந்த வகுப்பிலும் வருகைப் பதிவேடும் ஒரே வீட்டு ரேஷன் கார்டும் இவ்வளவு ஒத்துப்போயிருக்காது. பெற்றோர் கூட்டம் போட்டால் ஒரே அப்பாதான் வருவார்; அம்மாக்களுக்குத்தான் பந்தல் போட வேண்டும். அந்த அம்மாக்களிலும் சிலர் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தார்கள். மாலையில் டீச்சர் வீட்டுக்குப் போய்விடலாம் என்று பார்த்தால், மன்னரின் வெளிநாட்டுக் கடிதங்களுக்கு இங்கிலீஷ் பார்த்துக்கொடுக்கும் வேலையும் தன் தலையில் விழுந்ததாக எழுதியிருக்கிறார். சம்பள உயர்வு கேட்டபோது மட்டும் அரசருக்கு அத்தனை மொழியும் மறந்துபோனது.

1867-ல் லீவில் போனவர் திரும்பவில்லை. மறு வருஷம் மன்னர் தானே கணக்குப் போட்டுச் சொன்ன சூரிய கிரகணத்தைப் பார்க்க, பிரெஞ்சு வானியலாளர்களை எல்லாம் அழைத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். கணக்கு கச்சிதம், 1868 ஆகஸ்ட் 18-ல் கிரகணம் பிடித்தது. கூடவே மலேரியாவும் பிடித்தது. அக்டோபரில் போய்விட்டார்.

அரசர் போனபின் டீச்சருக்குப் பேனா முளைத்தது. 1870-ல் வந்த முதல் புத்தகத்தையும் அடுத்து வந்ததையும் படித்தால், அந்தப் பண்டிதர் வெறும் கொடுங்கோலர். அரண்மனைக்குக் கீழே பாதாளச் சிறையாம். பாங்காக் சதுப்பு மண்ணில் தோண்டினால் தண்ணீர்தான் வரும். கைதியைப் போட்டால் மீனாகத்தான் வெளியே வருவான். புத்தகம் நாவலாகி, நாவல் நாடகமாகி, 1956 படத்தில் மொட்டைத்தலை யூல் பிரைனர் அரசராக ஆடிப்பாடி ஆஸ்கரும் வாங்கினார். தாய்லாந்து தடை போட்டது.

டீச்சரிடம் படித்த பட்டத்து இளவரசர் சுலாலங்கோர்ன் அரியணை ஏறி, காலில் விழும் வழக்கத்தை 1873-ல் ஒழித்தார். அடிமை முறையையும் படிப்படியாக ஒழித்தார். எல்லாம் என் பாடத்தின் பலன் என்றார் டீச்சர். நல்ல மார்க் எடுத்தால் வாத்தியார் பெருமை, ஃபெயிலானால் பையன் மண்டை என்பது உலக நியதி. ஆனால் டீச்சரை மறுபடி வேலைக்குக் கூப்பிட மட்டும் அந்த நல்ல மாணவருக்குத் தோன்றவே இல்லை.

அம்மையார் 1915-ல் கனடாவின் மான்ட்ரியலில் வேல்ஸ்காரியாகவே கண்மூடினார். அகமதுநகர் கதை 1970-களில்தான் வெளியே வந்தது. ஆனால் குடும்பத் தொழில் அவரோடு முடியவில்லை. அவருடைய அக்காவின் பேரன் வில்லியம் ஹென்றி பிராட்டும் பேரை மாற்றிக்கொண்டு ஹாலிவுட் போய்ச் சேர்ந்தார். 1931-ல் ஃபிராங்கன்ஸ்டைன் பூதமாக வந்து உலகத்தையே அலறவைத்த போரிஸ் கார்லாஃப் அவர்தான். ஒரு நல்ல மனுஷனைப் பூதமாக்க அங்கே மணிக்கணக்கில் மேக்கப் போட வேண்டியிருந்தது. சின்னப் பாட்டிக்கு அதே வேலைக்கு ஒரு பேனா போதுமானதாக இருந்தது.