மார்கழியும் மண் கம்மலும்

நகை செய்கிறவர்களுக்குக் குளிர்காலம் கைகொடுக்கும் என்பதற்குச் சாட்சி அல்மா பில். ரஷ்யாவின் ஃபேபர்ஜே நகை நிறுவனத்தில் வடிவங்கள் வரைந்தவர். பட்டறை ஜன்னல் கண்ணாடியில் உறைபனி பூப்பூவாகப் படிந்திருந்ததைப் பார்த்தாராம். 1913 ஈஸ்டருக்கு ஜார் மன்னர் தன் தாய்க்குப் பரிசளித்த ‘குளிர்கால முட்டை’ பிறந்துவிட்டது. படிக முட்டை, ஆயிரத்து அறுநூறுக்கும் மேல் வைரங்கள். 2002இல் ஏலத்துக்கு வந்தபோது 95 லட்சம் டாலரைத் தாண்டியது.

ஜன்னல் எங்கள் வீட்டிலும் உண்டு, பேரையூரில். மார்கழி விடியலில் அதில் தெரிவது கொசுவலையில் ஒட்டிய தூசி. அதற்கப்பால் குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாக டீக்கடைக்குப் போகும் சித்தப்பாக்கள். இருபது டிகிரிக்கே இமயமலைக்குக் கிளம்பிய வேஷம்.

நான் செய்வது சுடுமண் நகை. கண்மாய்க் களிமண்ணைச் சலித்து, பிசைந்து, உருட்டி, நிழலில் உலர்த்திச் சுட வேண்டும். மார்கழி ஈரக்காற்றில் மண் காய்ந்த மாதிரி நடிக்கும். நம்பிச் சூட்டில் வைத்தால் உள்ளே ஒளிந்திருந்த ஈரம் ஆவியாகி, படீர்! ஜிமிக்கி சில்லாகிவிடும்.

மண்ணையாவது சமாளிக்கலாம், அத்தையைச் சமாளிக்க முடியாது. வாசல் கோலத்தில் சாணிப் பிள்ளையார் தலையில் விரிந்திருந்த பூசணிப்பூவைப் பார்த்து, குடை மாதிரி ஒரு கம்மல் செய்தேன். “ஏத்தா, இது ஜிமிக்கிதான?” என்றார். மல்லிகை மொக்கு செய்தால், “அரும்பு வச்ச மாலை எங்காத்தாகிட்டயே இருந்துச்சு.” மாங்காய் மாலை, நெல்லிக்காய் மணி என்று தோப்பையும் தோட்டத்தையும் பத்தர்கள் எப்போதோ பட்டா போட்டுக்கொண்டார்கள். வேலியில் குன்றிமணி வெடித்துச் சிவப்பும் கறுப்புமாகச் சிரிக்கிறதே என்று போனால், அதை வைத்துத்தான் அவர்கள் தங்கத்தையே நிறுத்திருக்கிறார்கள். கோக்கவும் பயம், துளையிட்டால் உள்ளிருக்கும் விஷம் வெளிப்படும். மண் பிள்ளையாருக்குக் கண்ணாக இருக்கும்வரை சாது.

கரிசல் காட்டில் பருத்தி பூத்திருந்தது. முதல் நாள் இளமஞ்சள், மறுநாள் அதே பூ ரோஸ். இதை எந்தப் பத்தரும் தொடவில்லை என்ற தைரியத்தில் ஒரு காதுக்கு மஞ்சள், மறு காதுக்கு ரோஸ் என்று செய்தேன். அத்தை என் இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒண்ணு உன்னது. இன்னொண்ணு யார்ட்ட இரவல் வாங்குன?”

பட்டா இல்லாமல் மிஞ்சியது முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சிதான். அதையும் செய்தேன், மண்ணில் மயிர்க்கால் கீறி, அச்சு அசலாக. ஏன் மிஞ்சியது என்பது வாங்க வந்த பெண் போட்ட அலறலில் விளங்கியது.

விற்பது எது தெரியுமா? வெள்ளையடித்த ஆறுகைப் பனித்துகள் தோடு. பனி பெய்து பார்த்தேயிராத கல்லூரிப் பெண்கள் கேட்டு வாங்குகிறார்கள். டொராண்டோவில் முழங்கால் ஆழத்தில் பனி வாருகிற சித்தி மகளோ, “அந்தக் கருமத்தை இங்கயே தெனம் பாக்குறேன், பூசணிப்பூ அனுப்புக்கா” என்கிறாள்.

பனித்துகளை மட்டுமாவது அத்தை புதுசு என்பார் என்று நீட்டினேன். கண்ணருகே வைத்துத் திருப்பினார்.

“நேத்து நம்ம வாசல்ல போட்ட கோலம்! இதுக்குப் போயி நூத்தம்பது ரூவாயா?”