கல்யாணத்துக்கு மட்டும் பற்கள்

நம் வீடுகளில் பல்செட்டுக்கும் பட்டுப்புடவைக்கும் ஒரே மரியாதைதான். பீரோவில் பத்திரமாக இருக்கும், கல்யாணத்துக்கு வெளியே வரும். மணமக்களோடு நின்று போட்டோ எடுத்ததும், பந்திக்குப் போகிற வழியிலேயே பல்செட் கழன்று கைக்குட்டைக்குள் போய்விடும். சாப்பிடுவதற்கென்று செய்த சாமானைச் சாப்பிடும் நேரம் பார்த்துக் கழற்றிவிட்டு, "காசு போனதுதான் மிச்சம், செட்டு சரியா உக்காரவே இல்லை" என்று பல் டாக்டர் மேல் பழி போடுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி டாக்டருமில்லை, செட்டுமில்லை. அதைப் பூட்டி வைத்த டப்பாதான் என்பது என் கட்சி.

பல் போனதும் அதைத் தாங்கிய தாடை எலும்பு, இனி நமக்கென்ன வேலை என்று கரையத் தொடங்குகிறது. முதல் வருடம் வேகமாக, அப்புறம் ஆயுள் முழுக்க மெதுவாக. டப்பாவில் கிடக்கும் செட் மட்டும் அளவெடுத்த நாளிலேயே நிற்கிறது. மாட்டியிருந்தால் எலும்பு கரையாது என்று நான் சொல்லவில்லை, கரையத்தான் செய்யும். ஆனால் தினம் மாட்டுகிறவருக்குத் தளர்வு சீக்கிரம் தெரிந்துவிடும். டாக்டரிடம் போய் உட்புறம் புது அடுக்கு வைத்து இறுக்கிக்கொள்வார். மேல்செட்டாவது எச்சில் படலத்தின் பிடிப்பில் அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். கீழ்செட் பாவம். அதற்குக் கிடைத்தது லாட வடிவத்தில் மெலிந்த ஈறு. நடுவில் சும்மா இருக்கத் தெரியாத நாக்கு. கன்னமும் நாக்கும் பழகித்தான் அதைப் பிடித்து வைக்க வேண்டும். அதற்குச் சில வாரங்களாகும். டப்பாவுக்குள் அந்தப் பழக்கம் வராது.

முறுக்கு கடிக்க முடியவில்லையே என்பார்கள். முடியாதுதான். முழுச் செட்டின் கடிபலம் சொந்தப் பல்லில் ஏறக்குறைய கால்வாசி. முன்பல்லால் கடித்தால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். சிறு துண்டாக்கி, இரண்டு கடைவாயிலும் சமமாக வைத்து மெல்ல வேண்டும். ருசி போச்சு என்பது அடுத்த புகார். ருசி அறியும் மொட்டுகள் பெரும்பாலும் நாக்கில் இருக்கின்றன. செட் மூடுவது அண்ணத்தை. குறைவது சூட்டின் உணர்வு. ரசம் கொதிக்கிற சங்கதியை அண்ணம் சொல்லாது, தொண்டைதான் சொல்லும்! ஜார்ஜ் வாஷிங்டனுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் சொர்க்கமாகத் தெரிந்திருக்கும். 1789-இல் அதிபராகப் பதவியேற்றபோது அவருக்கு மிச்சமிருந்தது ஒரே பல். மரப்பல் கட்டியிருந்தார் என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், மனிதப் பல், ஈயம், ஸ்பிரிங் என்று சேர்த்துக் கட்டியவை அவர் செட்டுகள். ஸ்பிரிங் வாயைத் திறக்கப் பார்க்கும். அவர் இறுக்கி மூடியே வைத்திருக்க வேண்டும். ஒரு டாலர் நோட்டில் அந்த உதடுகளைப் பார்த்து, என்ன மன உறுதி என்று வியப்பவர்கள் வியக்கட்டும்.

"வயசான காலத்துல யாருக்குக் காட்ட?" என்பதுதான் கனமான ஆட்சேபம். காட்டுவதற்கு வேண்டாம், பேசுவதற்கு வேண்டும். சாட்சி தொல்காப்பியர். த, ந பிறக்க நாக்கு நுனி மேற்பல்லின் அடியைத் தொட வேண்டும், வ பிறக்கப் பல்லும் உதடும் சேர வேண்டும் என்று பிறப்பியலில் எழுதி வைத்திருக்கிறார். ஆகவே பொக்கை வாய் "வணக்கம்" சொன்னால் இலக்கணப்படியே முதல் எழுத்து காற்றில் போய்விடும். பெரியவர் பேச்சை வீட்டில் யாரும் மதிப்பதில்லை என்கிற புகாரில் டப்பாவுக்கும் கொஞ்சம் பங்குண்டு. புதுச்செட்டில் 'ச' விசிலடிக்கும். பேப்பரை உரக்கப் படித்துவந்தால் நாளாக ஆக அடங்கும். தலையங்கமாகப் பார்த்துப் படிப்பது உத்தமம். அதை எப்படியும் யாரும் காதில் வாங்கப் போவதில்லை.

டப்பாவுக்கு வேலையே இல்லை என்பதில்லை. ராத்திரியில் ஈறுக்கு ஓய்வு வேண்டும். கழற்றி, சோப்பும் மென்மையான பிரஷும் போட்டுக் கழுவி, பச்சைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். பற்பசை கீறிவிடும், வெந்நீர் வளைத்துவிடும், இரண்டும் வேண்டாம். காலையில் காப்பிக்கு முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். தளர்ந்திருந்தால் அடுத்த முகூர்த்தம் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.