கறைக்குத் தனி விலை

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போகிற எல்லா அப்பா அம்மாக்களுக்கும் ஒரே பயணத் திட்டம்தான். நயாகரா, பிட்ஸ்பர்க் பெருமாள் கோயில், அப்புறம் பழைய பாணியிலேயே வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான அமிஷ்காரர்கள் ஊர். இந்தக் கட்டுரைக்காரரும் அந்த வரிசைப்படியே பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டருக்கு அழைத்துச் செல்லப்பட்டார். குதிரை வண்டி பார்த்தாயிற்று. சோளக்காட்டின் முன்னால் நின்று போட்டோ எடுத்தாயிற்று. "மாமா, உங்களுக்குத்தான் பழசுன்னா பிடிக்குமே" என்று மாப்பிள்ளை ஒரு பழம்பொருள் கடைக்குள் கூட்டிப்போனார். அங்கே ஆரம்பித்தது வினை.

சுவரில் ஒரு குயில்ட் தொங்கியது. துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்து, நடுவில் பஞ்சு வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல் போட்ட போர்வை. நட்டநடுவில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. ஓரத்தில் சணல் நூலில் கட்டிய சின்ன அட்டை. அதில் சாய்ந்த எழுத்தில் 1,850 டாலர். ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது என்பது மகளின் நிரந்தர உத்தரவு. பெருக்கிப் பார்த்தார். விலைக்குக் கீழே கறையைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: காலம் தந்த இதமான நிறமாற்றமாம். அதற்கும் கீழே, தொட வேண்டாம்.

கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் இது வெறும் புலம்பல் அல்ல. அசல் பழைய குயில்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது, அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற உபயோகமான தகவலும் இதில் உண்டு. கடைசியில் வரும்.

இரவு பதினொரு மணிக்கு மேல் போனும் கையுமாகப் படுத்து, வாங்கவே போகாத சாமானையெல்லாம் பார்த்து, விலை கூடிவிட்டதே என்று சம்பந்தமில்லாமல் வருத்தப்பட்டுவிட்டுத் தூங்குகிற வாசகர்களுக்கு இந்த வியாபார நடை நன்றாகவே தெரியும். பழைய குயில்ட் விற்கிறவர் எழுதும் வர்ணனையும் கல்யாணத் தரகர் பேச்சும் ஒரே பாடசாலையில் படித்தவை. பையன் ரொம்ப அமைதி என்று தரகர் சொன்னால் பையனுக்கு வேலை இல்லை. நெடுநாள் அன்போடு பயன்படுத்தப்பட்டது என்று வியாபாரி எழுதினால் நான்கு முனையும் நைந்து பஞ்சு எட்டிப் பார்க்கிறது. பையனுக்கு வெளிப்பழக்கம் ஜாஸ்தி என்றால் வீட்டுக்கு வருவதில்லை. மெலிதாக, கோடைக்கு ஏற்றதாக இருக்கும் என்றால் உள்ளே வைத்த பஞ்சு பாதி போய்விட்டது. பையன் சொந்தக் காலில் நிற்கிறவன் என்றால் வீட்டில் யாரோடும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு காலத்தின் கதையைச் சொல்லும் வாசனை என்றால் நாப்தலின் உருண்டை.

இதில் மேல்துணி மட்டும் விற்பது ஒரு தனி ரகம். பஞ்சு கிடையாது, அடித்துணி கிடையாது. 1930-களில் யாரோ ஒரு பெண் மாவு மூட்டை, தீவன மூட்டைத் துணிகளை வெட்டி ஒட்டி மேல்பக்கத்தை முடித்திருப்பார். அன்று அந்தக் கம்பெனிகளே மூட்டைத் துணியில் பூப்போட்டு அச்சடித்தன, பெண்கள் அதைக் கிழித்துத் துணி தைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு. மேல்பக்கம் முடிந்ததும் நேரம் இல்லாமல் போயிருக்கும், பஞ்சு வாங்கக் காசு இல்லாமல் போயிருக்கும், பெட்டிக்குள் போய்விட்டது. வியாபாரி எழுதுகிறார்: உங்கள் கைவண்ணத்தில் முழுமை பெறக் காத்திருக்கிறது. தரகர் பாஷையில், பையனுக்குக் கடைசி செமஸ்டரில் ரெண்டு பேப்பர்தான் பாக்கி.

பட்டுத் துணியில் கன்னாபின்னாவென்று ஒட்டித் தைக்கும் 'கிரேஸி குயில்ட்' 1880-களில் அமெரிக்காவைப் பிடித்து ஆட்டிய மோகம். அந்தக் காலத்துப் பட்டு எடைபோட்டு விற்கப்பட்டது. எடை கூடட்டும் என்று ஆலைக்காரர்கள் வெள்ளீய உப்புக் கரைசலில் முக்கி எடுத்தார்கள். அந்த உப்பு இன்று பட்டை உள்ளிருந்தே அரித்து, தொட்டால் தூளாக உதிர வைக்கிறது. விற்பனைக் குறிப்பில் அது 'நுட்பமான நிலை'. பையனுக்கு உடம்பு கொஞ்சம் பூஞ்சை, வெயில்ல மட்டும் அனுப்பிடாதீங்க.

தப்பாகத் தைத்த கட்டத்துக்கு வருவோம். ஒரு சதுரம் தலைகீழாகப் போயிருக்கும், அல்லது ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு முனை குறைந்திருக்கும். இது அடக்கத்தின் அடையாளம் என்பார் வியாபாரி. கடவுள் ஒருவரே குறையற்றவர் என்பதால் அந்தக் காலப் பெண்கள் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்துத் தைத்தார்களாம். குயில்ட் வரலாற்று ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தார்கள். அப்படியொரு வழக்கம் இருந்ததற்கு நம்பும்படியான சான்று கிடைக்கவில்லை. குழந்தை அழுதிருக்கும், விளக்கு மங்கலாக இருந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் தரகரை யார் மடக்குவது? பையன் பத்தாம் வகுப்பில் ஒரு தடவை ஃபெயிலானது தலைக்கனம் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

இவ்வளவையும் கடையிலேயே, அந்தக் குயில்ட்டின் முன்னால் நின்று, சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் கட்டுரைக்காரர். "ஏங்க, போதும். மாப்பிள்ளை காதுல விழப்போவுது" என்று மனைவி முழங்கையால் இடித்தார். மாப்பிள்ளையும் தரகர் மூலம் வந்தவர்தான். ரொம்ப அமைதியான பையன் என்று சொல்லித்தான் ஜாதகம் தந்தார்கள். அவர் அமைதியாகவே நின்றார்.

பழைய மேல்துணி ஒன்றையும் வேறு அடித்துணி ஒன்றையும் சேர்த்து ஒட்டி ஒரே பொருளாக விற்பதும் நடக்கிறது. இப்படி இரண்டு பொருளைச் சேர்த்து ஒன்றாக்குவதற்குப் பழம்பொருள் வியாபாரத்தில் 'மேரேஜ்' என்றே பெயர். இதற்கு மேல் இந்த விஷயத்தை நீட்டுவதில் அர்த்தமில்லை.

கையில் சின்ன விளக்கோடு அலைகிற சேகரிப்பாளர்களையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சலவைத்தூளிலும் துணியிலும் நூலிலும் வெண்மை கூட்டும் ரசாயனம் கலக்க ஆரம்பித்தார்கள். புற ஊதா விளக்கடியில் அது நீலமாகப் பளிச்சிடும். 1860-ம் ஆண்டுப் போர்வை என்று சொல்லி விற்கும் ஒன்றின் நூல் மட்டும் மின்னினால் ஆள் அகப்பட்டார் என்று சந்தோஷப்படலாம். போர்வை முழுவதுமே மின்னினால் சந்தோஷப்பட முடியாது. நிஜமாகவே பழைய போர்வையை எந்த மகராசியோ போன வருஷம் நல்ல சோப்புத்தூளில் துவைத்திருக்கலாம். துவைப்பது இந்த உலகத்தில் பெருங்குற்றம். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று கேட்டு வளர்ந்த ஒருவருக்கு இது ஜீரணிக்கக் கஷ்டமான சித்தாந்தம். தையல் நெருக்கத்தையும் எண்ணுகிறார்கள். அங்குலத்துக்குப் பத்து, பன்னிரண்டு தையல் என்றால் புருவம் உயர்கிறது.

கதைக்கும் விலை உண்டு. அடிமைகள் வடக்கே தப்பி ஓட வழிகாட்டும் ரகசியக் குறிகள் குயில்ட்டுகளில் தைக்கப்பட்டன என்று 1999-ல் ஒரு புத்தகம் வந்தது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரச் சந்தையில் குயில்ட் விற்ற ஒரு பெண்மணி, புத்தகத்தை எழுதிய இருவரில் ஒருவருக்குச் சொன்னதுதான் அதன் வேர். வரலாற்றாசிரியர்கள் ஆதாரம் இல்லை என்று கை விரித்துவிட்டார்கள். கதையோ நிற்கவில்லை, பள்ளிக்கூடங்கள் வரை போய்விட்டது.

"இது அமிஷ்காரங்க தைச்சதுதானா?" என்று மாப்பிள்ளை கடைக்காரரிடம் கேட்டார். அன்று அவர் பேசிய முதல் நல்ல வார்த்தை. 1980-களில், அமிஷ் குயில்ட்டுக்கு ஏக கிராக்கி வந்தபோது, லாவோஸ் போரிலிருந்து அகதிகளாக வந்து லங்காஸ்டரில் குடியேறிய மோங் இனப் பெண்கள் அமிஷ் குயில்ட் விற்கும் கடைகளுக்காகத் துணி ஒட்டி, குயில்ட் தைத்துக் கொடுத்தார்கள். அவர்களுடைய பாரம்பரியத் துணிவேலையே அவ்வளவு நுணுக்கமானது. தைத்தது மோங் கை. வாங்கியவர் பெருமைப்பட்டது அமிஷ் கை என்று. கடைக்காரர் பதில் சொல்லாமல் சிரித்தார்.

போர்வை கட்டிலை விட்டுச் சுவருக்கு ஏறியதற்கு ஒரு வருஷம் குறிக்கச் சொன்னால் 1971 என்று சொல்லலாம். அந்த ஆண்டு ஜொனாதன் ஹோல்ஸ்டீன், கெயில் வேன் டெர் ஹூஃப் என்ற இருவர் தாங்கள் சேகரித்த குயில்ட்டுகளை நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் நவீன ஓவியம்போல் மாட்டினார்கள். விமர்சகர்கள் அசந்துபோனார்கள். தைத்தவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. இருபது ஆண்டு கழித்து, 1991-ல், புரூக்ளினைச் சேர்ந்த லுசிண்டா வார்ட் ஹான்ஸ்டைன் 1867-ல் தைத்த 'சமாதானக் குயில்ட்' சதபீஸ் ஏலத்தில் 2,64,000 டாலருக்குப் போனது. இப்போது அது நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில் உள்ள சர்வதேச குயில்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹோல்ஸ்டீன் ஜோடியின் குயில்ட்டுகளும் அங்கேதான் போய்ச் சேர்ந்தன.

குறையையே சரக்காக்கும் வித்தை அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். துவைத்தால் சாயம் போகிற மெட்ராஸ் கட்டம்போட்ட துணி 1950-களின் கடைசியில் நியூயார்க் போனது; வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்தபோது, சாயம் போவதற்கு உத்தரவாதம் என்றே விளம்பரம் செய்து விற்றார்கள். அடித்துப் பிடித்து வாங்கினார்கள். அந்தத் துணியில் நம் ஊர்ப் பெயர் இருக்கிறது என்பதற்காகக் கட்டுரைக்காரர் கொஞ்சம் பெருமைப்படவும் செய்கிறார்.

விற்காமல் கிழிந்து தொங்குகிற குயில்ட்டுக்கு இன்னொரு கதி. 'கட்டர்' என்று பட்டியலில் போடுவார்கள். வெட்டி, கோட்டு, கரடி பொம்மை, கிறிஸ்துமஸ் காலுறை தைத்துக்கொள்ளலாம். 2021-ல் நியூயார்க் மெட் காலா விருந்துக்கு ராப் பாடகர் ஏசாப் ராக்கி தரையில் புரளப் புரள ஒரு குயில்ட்டைப் போர்த்திக்கொண்டு வந்தார். பழைய சாமான் கடையில் கிடைத்த ஒரு குயில்ட்டிலிருந்து உருவானது அது. தொலைக்காட்சியில் பார்த்த ஊரே வாயைப் பிளந்தது. ஒரு பெண் மட்டும் இது எங்கள் கொள்ளுப்பாட்டி தைத்ததாயிற்றே என்றார். வேண்டாம் என்று வீட்டார் தானமாகக் கொடுத்த போர்வை.

லங்காஸ்டர் கடையில் தொங்கிய அந்த அட்டையில் கறைக்கு ஒரு வரி இருந்தது, துணிக்கு ஒரு வரி இருந்தது, வாங்கியபின் எப்படி மடிக்க வேண்டும் என்பதற்கு இரண்டு வரி இருந்தது. தைத்தவர்: தெரியவில்லை. இதைப் படித்ததும்தான் கட்டுரைக்காரருக்கு உண்மையில் எரிச்சல் வந்தது, கறையெல்லாம் சாக்கு.

பெயர் தெரிந்தவர்களும் உண்டு. ஹேரியட் பவர்ஸ், 1837-ல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். அவர் தைத்த பைபிள் குயில்ட்டை 1886-ல் ஆதென்ஸ் நகரத்துப் பருத்திக் கண்காட்சியில் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். எந்த விலைக்கும் இல்லை என்றார் பவர்ஸ். சில ஆண்டுகளில் கஷ்ட ஜீவனம் வந்தது. குயில்ட்டைச் சுத்தமான மாவு மூட்டைத் துணியில் சுற்றி, அதன்மேல் சாக்கு சுற்றி, மாட்டு வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். 10 டாலர் கேட்டார். 5 டாலர்தான் முடியும் என்றார் ஆசிரியை. கணவரிடம் கலந்துகொண்டு கொடுத்தார். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கதை என்று சொல்லிவிட்டுக் கொடுத்தார். பிறகும் சில தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். இன்று அது வாஷிங்டன் ஸ்மித்சோனியனில். 1992-ல் அதே ஸ்மித்சோனியனின் உரிமத்தின் பேரில் அந்தக் குயில்ட்டையும் வேறு சிலவற்றையும் சீனாவில் நகல் தைத்து விற்றபோது அமெரிக்கக் குயில்ட்காரப் பெண்கள் கொதித்து எழுந்தார்கள்.

அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்துப் பெண்கள் பழைய வேலைச் சட்டைகளையும் ஜீன்ஸ்களையும் வெட்டித் தைத்த போர்வைகள் 2002-ல் ஹூஸ்டனிலும் பிறகு விட்னியிலும் தொங்கின. 2006-ல் அவற்றின் படத்தோடு பத்து அஞ்சல்தலைகள் வந்தன. தங்களுக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று மூன்று பெண்கள் 2007-ல் வழக்குப் போட்டார்கள். மறுவருஷம் சமரசம் ஆனது. சமரசத்தில் யாருக்கு என்ன கிடைத்ததோ, சேகரிப்பாளர்கள் அதை விசாரிப்பதாகத் தெரியவில்லை. அவர்களுக்கு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணவே நேரம் சரியாக இருக்கிறது.

அசலைக் கண்டுபிடிக்கும் வழியையும் சரியான விலையையும் சொல்ல இடம் இல்லாமல் போய்விட்டது. வாசகர்கள் மன்னிக்க வேண்டியதில்லை. 1,850 டாலர் கையில் வைத்திருப்பவர்கள் எப்படியும் யாரையும் கேட்டு வாங்குவதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் யாராவது கையால் தைத்த விரிப்போ போர்வையோ இருந்தால், தைத்தவர் பெயர், ஊர், வருஷம் மூன்றையும் ஒரு வெள்ளைத் துணித் துண்டில் எழுதிப் பின்பக்க மூலையில் தைத்துவிடுங்கள். பேனாவால் எழுதாதீர்கள், துவைத்தால் போய்விடும். நூலால் தையுங்கள்.